மருந்துக்கடை மேஜையில் கவிழ்ந்து கிடக்கும் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடக்கும். மாத்திரை வாங்க வருகிறவர்கள், மருந்து கம்பெனி ரெப்புகள், எதிர்க்கடை டெய்லர், வீட்டில் மனைவி, எல்லாரும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நின்ற வாக்கில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது.

அண்ணாச்சி, வியாபாரத்தைப் பார்ப்பீங்களா, புத்தகம் படிப்பீங்களா?

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை எங்கள் தெருவில் ஈ காக்கை இருக்காது. டாக்டர்கள் எல்லாம் சாயங்காலம்தான் உட்காருவார்கள், சீட்டு அதற்கப்புறம்தான் வரும். அந்த இரண்டரை மணி நேரம் நான் முன்பு தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது படிக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஒரு வருஷத்தில் என்னென்ன படித்தீர்கள்?

வாழ்க்கை வரலாறு என்று பார்த்தால் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, பாமாவின் ‘கருக்கு’, தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. நாவல்களில் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’, பூமணியின் ‘வெக்கை’, அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இன்னும் இரண்டு மூன்று உண்டு, அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எதுவுமே புதுசு இல்லை என்று தெரியும். புதுசு வாங்க வேண்டாம் என்ற கொள்கை எல்லாம் கிடையாது, கிளை நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் கையில் கிடைத்ததைப் படித்தேன்.

‘என் சரித்திரம்’ தலையணை மாதிரி இருக்கிறதே, எப்படி முடித்தீர்கள்?

அதில் 122 அத்தியாயங்கள். ஒரு மதியத்துக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன், நாலு மாதத்தில் முடிந்தது. 1940இல் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தபோது படித்தவர்களை நினைத்தால் நமக்குப் பொறுமை என்ற சொல்லையே எடுக்க வாய் வராது, இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து படித்திருக்கிறார்கள். அப்படியும் கதை முடியவில்லை. 1942இல் ஐயர் இறந்துபோனார், தொடர் பாதியில் நின்றது, புத்தகமாக வந்ததே 1950இல்தான். கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் இருக்கும் என்று நானும் திருப்பினேன், வெறும் அட்டை. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதல் முப்பது அத்தியாயம் கொஞ்சம் இழுக்கும். ஊர் ஊராக அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார், ஒருவர் வீடு கொடுக்கிறார், இன்னொருவர் நெல் கொடுக்கிறார், பையனுக்குப் பாடம் சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறது.

பெரிய மனிதர் எழுதினால் தன் பெருமையைத்தானே எழுதுவார்?

நானும் அந்தச் சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன். சுயசரிதை என்றால் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: எழுதுகிறவர் தன்னை நல்லவனாகவோ கெட்டிக்காரனாகவோ காட்டிக்கொள்ளாத ஒரு இடம் வர வேண்டும். அந்த இடம் வந்த பிறகுதான் மற்ற பக்கங்களையும் நம்புவேன். சில புத்தகங்களில் அது கடைசிவரை வராது, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்ட மாதிரியே போய் முடியும்.

ஐயர் புத்தகத்தில் அந்த இடம் கும்பகோணத்தில் வருகிறது. 1880. கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் என்ற பெயர் வேறு. ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்தக் காலத்தில் அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஆனாலும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்த அந்த நிமிஷத்தை அறுபது வருஷம் கழித்து, மகாமகோபாத்தியாயர், டாக்டர் எல்லாம் ஆன பிறகு, ஒளிக்காமல் எழுதுகிறார் பாருங்கள். அப்புறம் நடந்தது நாடறிந்த கதை. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்து, அது சமண நூல் என்று தெரிந்துகொண்டு, சைவ மடத்தில் வளர்ந்தவர் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய் அர்த்தம் கேட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கிறார்.

இன்னொரு இடமும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாயூரத்தில் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போன பையன், அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்கிறான். நந்தனார் கீர்த்தனை எழுதினாரே, அவரேதான். அப்பா சங்கீதக்காரர், மகனும் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குச் சங்கீதம் என்றாலே ஆகாது. விஷயம் அவர் காதுக்குப் போகிறது, பையன் பாட்டை விட்டுவிடுகிறான். இதை எழுதும்போது ஐயர் ஆசிரியரையும் குறை சொல்லவில்லை, தன் இழப்பையும் பெரிதாக்கவில்லை. எனக்குத்தான் அன்று மதியம் மேற்கொண்டு படிக்க முடியாமல் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பெரியவர்கள் ஒரே ஊரில் இருக்கிறார்கள், ஒரு பையன் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

‘கருக்கு’ சின்னப் புத்தகம்தானே, அதற்கு ஏன் அத்தனை நாள்?

ஒரே நாளில் படித்துவிடலாம். நான் ஐந்தாறு நாள் எடுத்துக்கொண்டேன். 1992இல் வந்த புத்தகம், இவ்வளவு காலம் நான் அதைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

பாமாவின் ஊர் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. நாங்கள் வத்திராப் என்போம். எங்கள் கடைக்கு அங்கிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், நான் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த மலை, அந்தக் கண்மாய், அந்தப் பனைமரம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் பக்கத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது பஸ் ஜன்னலில் தெரிகிற அளவுக்குத்தான்.

படித்தவர்கள் எல்லாரும் சொல்கிற வடைப் பொட்டலம் காட்சி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சின்னப் பெண், தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி போவதைப் பார்க்கிறாள். பொட்டலம் அவிழ்ந்து வடை விழுந்துவிடாதா என்று அவளுக்குச் சிரிப்பு. அவர் அதை நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். இவள் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படிப் பிடித்தார், கை பட்டால் என்ன ஆகும் என்று விளக்குகிறான். நான் சொன்ன அளவுகோல் இங்கேயும் வருகிறது. தானும் முதலில் சிரித்தேன் என்று எழுதுகிறார். அதை மறைத்துவிட்டு நேராகக் கோபத்தோடு ஆரம்பித்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, ஏன் ஐந்தாறு நாள் என்றால், அந்தப் பக்கத்தில் எனக்கு எங்கள் பழைய வீட்டுப் பின்வாசல் ஞாபகம் வந்தது. கிணற்றடிச் சுவரில் ஒரு மாடக்குழி, அதில் விளிம்பு நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்ந்திருக்கும். களத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அப்பத்தா அதில்தான் தண்ணீர் ஊற்றுவார், உயரத் தூக்கி. குடித்துவிட்டு அவர்களே கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது விளையாட்டாக அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு குடிக்கப் போய் முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷமாக அந்த அடியைத்தான் ஞாபகம் வைத்திருந்தேன், அப்பத்தாவின் கண்டிப்புக்கு உதாரணமாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். டம்ளரை இந்தப் புத்தகம்தான் ஞாபகப்படுத்தியது. இப்போது அந்தக் கதையைச் சொல்வதில்லை.

சுயசரிதைக்கும் நாவலுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் கதைதானே?

இதற்கு ஒரே வீட்டிலிருந்து உதாரணம் தருகிறேன். பாமாவின் அண்ணன்தான் ராஜ் கௌதமன். தங்கை ‘கருக்கு’ எழுதிப் பத்து வருஷம் கழித்து, 2002இல், அண்ணன் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். அவரும் தன் வாழ்க்கையைத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் நாவல் என்று பெயர் போட்டார், தனக்குச் சிலுவைராஜ் என்று பெயர் வைத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். தங்கையின் குரலில் காயம் அப்படியே திறந்திருக்கும். கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனது, அங்கேயும் சாதி இருந்தது, ஏழு வருஷத்தில் வெளியே வந்தது என்று எல்லாவற்றையும் நம் முகத்துக்கு நேராகச் சொல்வார். அண்ணன் தன்னையே ஓரமாக நிறுத்திவைத்துக் கேலி செய்வார். பயந்தாங்கொள்ளிப் பையன், மிலிட்டரி அப்பா, படிப்பு, வேலைக்கு அலைச்சல். கிறிஸ்தவன் என்பதால் எஸ்.சி. சலுகை கிடையாது என்கிற சட்டச் சிக்கலில் சிலுவைராஜ் மாட்டிக்கொண்டு முழிக்கிற பகுதியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்த அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. 1950ஆம் வருஷத்து ஆணை அது. பின்னால் சீக்கியர்களையும் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைந்த யாருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பெயரை மாற்றிக்கொண்டால் தன்னைப் பார்த்துச் சிரிப்பது லேசாகிவிடுகிறது. ‘நான்’ என்று எழுதும்போது அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். ராஜ் கௌதமன் 2024இல் காலமானார். அதற்குப் பிறகுதான் நான் படித்தேன், அதில் ஒரு வருத்தம் உண்டு. பக்கத்து ஊர்க்காரர், ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம்.

‘அசுரன்’ படம் பார்த்தாச்சு. ‘வெக்கை’ படிக்கணுமா?

கண்டிப்பாக. படம் 2019இல் வந்தது, நாவல் 1982. படத்தில் அப்பா கதாநாயகன், அவருக்குப் பெரிய முன்கதை உண்டு. நாவலில் பையன்தான் நடுவில் இருக்கிறான், பதினைந்து வயசு சிதம்பரம். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட நினைத்துத்தான் போகிறான், ஆள் செத்துப்போகிறான். முதல் பக்கத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. மிச்சப் புத்தகம் முழுக்க அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள்.

பழி, அரிவாள் என்று எதிர்பார்த்துப் போனால் இவர்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே படுக்கலாம், அம்மாவும் தங்கச்சியும் சாப்பிட்டிருப்பார்களா என்று பேச்சு. அப்பா மகனைத் திட்டவே இல்லை. கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் ஒரு தகப்பன் இவ்வளவு பக்குவமாகப் பேசுவானா என்று எதிர்க்கடை டெய்லர் கேட்டார், அவருக்கும் பதினைந்து வயசில் ஒரு பையன். பேசுவான் என்றுதான் நினைக்கிறேன். ஏற்கனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு இன்னொருவனைத் திட்ட மனசு வராது.

கோவில்பட்டி வட்டாரப் பேச்சு பழக்கமில்லாதவர்களுக்கு முதல் பத்துப் பக்கம் கடினமாக இருக்கலாம். எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு.

‘புயலிலே ஒரு தோணி’யை இரண்டு தடவை பாதியில் விட்டீர்களாமே?

ஆமாம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. இந்தோனேசியாவில் இருக்கிற மெடானில் ஜப்பான்காரன் நுழைகிறான், தெருப்பெயர் எல்லாம் வாயில் நுழையவில்லை, மலாய், சீனம், டச்சு, செட்டிநாட்டுப் பேச்சு எல்லாம் கலந்து வருகிறது, யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் நாலு பேர் குடித்துக்கொண்டு சிலப்பதிகாரத்திலிருந்து தமிழர் பெருமை வரை பிய்த்துப் போடுகிறார்கள். இரண்டு தடவையும் அறுபது பக்கத்தில் நின்றுவிட்டேன்.

மூன்றாவது தடவை வட்டிக்கடை ஆட்களைப் பிடித்துக்கொண்டேன். மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். இந்த மூன்று சொல்லும் புரிந்ததும் முழு ஊரும் எனக்குப் பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் நானும் பதினேழு வயசில் இன்னொருவர் மருந்துக்கடையில் பெட்டியடிப் பையனாகத்தான் ஆரம்பித்தேன், அங்கே அப்படிச் சொல்வதில்லை, ‘தம்பி’ என்பார்கள். சிங்காரமும் 18 வயசில் சிங்கம்புணரியிலிருந்து மெடானுக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே மொத்தமே இரண்டு நாவல்தான் எழுதினார். இது எழுதி முடித்துப் பல வருஷம் காத்துக் கிடந்து 1972இல் அச்சானது.

தொங்கான் என்கிற பாய்க்கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிற அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன், ஒரு தடவை சத்தமாக. கடையில் ஆள் இல்லை என்று நினைத்தேன், ஒரு அம்மா இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தார்.

குறை இல்லையா என்றால் உண்டு. பெண்கள் அந்த நாவலில் மனுஷியாக வருவதே இல்லை என்று என் மனைவி பத்துப் பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார். முழுவதும் படித்த என்னால் மறுக்க முடியவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறீர்களே, நாங்கள் படிக்க வேண்டாமா?

ஐம்பது வருஷப் பழைய நாவலுக்கு என்ன ரகசியம். ஆனாலும் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ படிக்கப்போகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

செகந்தராபாத்தில் ரயில்வே ஊழியர் வீட்டுப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட், காணாமல் போன மாட்டைத் தேடி அலைவது, கல்லூரி. சுற்றிலும் ஹைதராபாத் மன்னர் நிஜாமின் ஆட்சி, அவர் பக்கம் நின்ற ரஜாக்கர் படை, அகதிகள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது, 13ஆம் தேதி ஆரம்பித்து 17ஆம் தேதி நிஜாம் பணிந்துவிடுகிறார். பள்ளிக்கூடப் பாடத்தில் இது இரண்டு வரி. நாவல் அந்த இரண்டு வரிக்குப் பிறகும் நிற்காமல் போகிறது. இப்போது அடி வாங்குவது முஸ்லிம்கள். ஒரு வீட்டுக்குள் இவன் போக நேர்கிறது, தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சின்னப் பெண் இவன் முன்னால் துணியைக் களைகிறாள். இவன் ஒன்றுமே செய்யவில்லை. ஓடுகிறான்.

அசோகமித்திரன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணின் தோளில் துணியைப் போர்த்தி ஆறுதல் சொல்லியிருப்பேன் என்றெல்லாம் கற்பனை செய்தேன். பொய். நானும் ஓடியிருப்பேன்.

ஈழத்து ஆட்கள் எழுதியதில் பக்கச்சார்பு இருக்காதா?

இருக்கும். தமிழினி 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர். போர் முடிந்து சிறை, புனர்வாழ்வு முகாம் எல்லாம் பார்த்து, 2015இல் புற்றுநோயில் இறந்தார், புத்தகம் அதற்குப் பிறகு வந்தது. துரோகம் என்று திட்டியவர்களும் உண்டு, தைரியம் என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சாகத்தான் பல சமயம் எனக்குப் படுகிறது, நானும் கடல் தாண்டித்தான் இருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். புற்றுநோய் மருந்தின் விலை தெரிந்தவன் என்ற முறையில், அந்த உடம்போடு உட்கார்ந்து ஒருவர் தன் இயக்கத்தின் தப்பையும் தன் தப்பையும் எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு படித்தேன்.

படித்து அழுதது உண்டா?

ஒரே ஒரு தடவை. மறுபடியும் ‘என் சரித்திரம்’தான். 1876இல் பிள்ளை திருவாவடுதுறையில் இறக்கிற இடம். படுக்கையில் கிடக்கிறவர் திருவாசகம் படிக்கச் சொல்கிறார், மாணவர் அடைக்கலப்பத்தை எடுத்துப் படிக்கிறார். கூட இருந்து பணிவிடை செய்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவரும் ஒருவர். அவ்வளவு பாட்டு எழுதிய மனுஷனுக்குக் கடன்தான் மிச்சம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ரெப், கண்ணுக்குச் சொட்டு மருந்து சாம்பிள் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகம் இரவல் தருவீர்களா?

நூலகத்துப் புத்தகத்தைத் தர முடியாது. சொந்தப் புத்தகம் தருவேன், ஆனால் கடன் நோட்டில் எழுதிக்கொள்வேன். போன மாசம் வத்திராப்பிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையன் வாங்கிப் போனான். நோட்டில் அவன் பெயருக்கு நேரே இப்படி இருக்கிறது: சுகர் மாத்திரை 2 அட்டை, அப்பாவுக்கு. இருமல் மருந்து 1. சிலுவைராஜ் சரித்திரம் 1. மருந்துக் காசு வந்துவிட்டது.